கிளிஞ்சல் பாதையும் மஞ்சளித்த இட்லிப்பூச் செடியும்



மே மாத விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று திரும்பும் நம் சபை மக்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கருப்பட்டி, நேந்திரங்காய் வற்றல், முறுக்கு என்று போதகர் வீட்டுக்கு ஒரு பொட்டலமாவது வந்து சேரும். மும்பையில் ஊழியம் செய்கிற யாவரும் இந்த அன்பை ருசித்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன்பு, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மும்பையில் வாழ்கிற சகோதரி ஒருவர் கொண்டுவந்ததோ ஒரு சாக்கு நிறையக் கிளிஞ்சல். நாகர்கோவிலில் ரயிலேறி, ஒன்றரை நாள் பயணம் முழுவதும் இருக்கைக்கு அடியில் வைத்துப் பாதுகாத்துக் கொண்டுவந்திருந்தார்.

"பாஸ்டர், நம்ம ஜெபவீட்டு வழியிலே இதைப் போடுங்க. மழைக்காலம் முழுக்கச் சேத்தை மிதிச்சுக்கிட்டுத்தானே உள்ளே வர்றோம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. செம்பூர்ப் பகுதியில் எங்கள் ஜெபவீடு இருக்கும் நிலம் குத்தகை நிலம். வாசற்கதவிலிருந்து கூடம் வரை நாற்பது அடி நீளத்துக்கு வெறும் மண் வழி. நிரந்தரமாகச் சிமெண்ட் பூசக்கூடாதென்பது குத்தகையின் நிபந்தனை. மும்பையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,200 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்நாட்களில் ஆராதனை முடிந்தபின் சகோதரிகள் முழங்காற்படியிட்டுத் தரையிலுள்ள சேற்றைத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்து நான் பலமுறை வெட்கப்பட்டதுண்டு. ஆகவே அந்தச் சாக்கை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். கிளிஞ்சல் போடுவது இத்தனை கேள்விகளைக் கிளப்புமென்று அப்போது நான் அறியேன்.

முதற்கேள்வி ஒரு மூப்பரிடமிருந்து வந்தது. லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தின்படி, தண்ணீரில் வாழ்கிறவற்றில் சிறகும் செதிலும் இல்லாதவை அருவருப்பானவை. அவற்றின் உடலும் அருவருக்கப்பட வேண்டியதே. அப்படியிருக்க, சிப்பியின் ஓட்டைத் தேவனுடைய வீட்டு வாசலில் பரப்பலாமா என்று அவர் கேட்டார். அவர் விளையாட்டாய்க் கேட்கவில்லை. நானும் விளையாட்டாய்ப் பதில் சொல்லவில்லை. புதன்கிழமை வேதபாட வகுப்பில் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். பேதுரு யோப்பா பட்டணத்தில், கடலோரத்தில், தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் வானத்திலிருந்து இறங்கிய கூட்டைத் தரிசனத்தில் கண்டான். செத்த மிருகங்களின் தோலைக் கையாளும் தொழிலாளியின் வீடு யூதனுக்கு எளிதில் தங்கத்தக்க இடமன்று. தாராவியிலிருந்து வருகிற நம்மவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் பலர் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தவர்கள். அதே தாராவியின் ஒரு பக்கம் கோலிவாடா. மாஹிம் கழிமுகத்தில் மீன்பிடித்து வாழ்ந்த கோலி மக்களின் பழைய குடியிருப்பு அது. தோலின் நாற்றமும் கழிமுகத்தின் உப்புக் காற்றும் கலந்த அந்தத் தெருவில் பேதுருவை நிறுத்திப் பார்த்தால் அதிகாரம் முழுவதும் விளங்கிவிடும்.

அப்போதும் அந்த மூப்பர் விடவில்லை. கூட்டில் இருந்தவை பூமியின் ஜீவன்களும் ஆகாயத்துப் பறவைகளுமே, கடல் ஜீவன்கள் சொல்லப்படவில்லையே என்றார். கூர்மையான வாசிப்பு! ஆனால் அந்தத் தரிசனத்தின் பொருளைப் பேதுருவே 28-ஆம் வசனத்தில் சொல்லிவிடுகிறான். அது சமையலறையைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. மேலும் யாத்திராகமம் 30:34-இல் பரிசுத்த தூபவர்க்கத்துக்குச் சொல்லப்பட்ட பொருள்களில் எபிரெயத்தில் "ஷெகெலெத்" எனப்படுவது ஒருவகைக் கடல் நத்தையின் ஓட்டு மூடியே என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். இதைக் கேட்டபின் மூப்பர் சிரித்துவிட்டு, "சரி, பாதையைப் போடுங்கள்" என்றார்.

இரண்டாம் கேள்விதான் என்னை முழங்காலில் நிறுத்தியது. சாக்கைக் கொட்டிப் பார்த்தபோது, வெள்ளை மட்டிச் சிப்பிகளுக்கு நடுவே இரண்டு கைப்பிடி சோழிகளும் ஒரு சிறிய சங்கும் கிடந்தன. அவற்றைக் கண்ட மாத்திரத்தில் வேறொரு சகோதரியின் முகம் வாடிவிட்டது. அவர் குடும்பத்தில் சோழி உருட்டிக் குறி சொல்வது பரம்பரைத் தொழிலாயிருந்தது. இரட்சிக்கப்பட்டு வெளியே வர அவர் பட்ட பாடுகளை நான் அறிவேன். "அந்தச் சத்தம் இன்னும் என் காதிலே இருக்கு பாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். சோழி என்பது ஒரு நத்தையின் ஓடு; அதில் வல்லமை ஒன்றுமில்லை. இதை நான் அறிந்திருக்கிறேன், அவரும் அறிந்திருக்கிறார். ஆயினும் 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியது இப்படிப்பட்ட வேளைக்காகத்தானே? என் அறிவினால் ஒரு சகோதரியின் மனச்சாட்சி புண்படுமானால், அந்த அறிவைக் கொண்டு நான் யாருக்குப் பாதை போடப் போகிறேன்?

சோழிகளையும் சங்கையும் விலக்கிவிட்டோம். ஆனால் கொண்டுவந்த சகோதரிக்கு அது மனவருத்தமாயிற்று. தாம் அன்பாய்க் கொடுத்ததில் குற்றம் கண்டதாக எண்ணி இரண்டு வாரம் அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் வாழ்ந்த சால் கட்டடத்தை இடித்துப் புதிதாய்க் கட்டப்போகிறார்கள், அதற்குமுன் தம் ஊரின் ஒரு பிடியை எங்காவது வைத்துவிட வேண்டுமென்று ஆசைப்பட்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன்னமே விசாரித்திருந்தால் அந்தச் சாக்கை எல்லார் முன்னிலையிலும் கொட்டியிருக்க மாட்டேன்.

இங்கே வாசகர்கள் ஒன்றை அறிந்துகொள்வது அவசியம். கடற்கரையில் கிடக்கும் ஓடுதானே, யாருடையது என்று நாம் நினைக்கிறோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ஆம் ஆண்டு 24 வகைச் சங்கு, சிப்பி இனங்கள் சேர்க்கப்பட்டன. ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ், ஐவிரல் சங்கில் சில வகைகள் முதலியவை அவற்றில் அடங்கும். 2022-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, பட்டியல்களும் மாற்றியமைக்கப்பட்டன. சுற்றுலாக் கடைகளில் பளபளவென்று அடுக்கப்பட்டிருப்பதால் எல்லாம் வாங்கத்தக்கவை என்று எண்ணிவிடக்கூடாது. மேலும் நம் சாக்கிலிருந்த சிப்பிகளில் பல இரண்டு ஓடுகளும் மூடியபடி, உள்ளே சதையோடு இருந்தன. பிள்ளைகள் உயிருள்ளவற்றையே பொறுக்கியிருக்கிறார்கள்! காலியான நத்தை ஓடுகளும் வீணானவை அல்ல. முனிவன் நண்டு குடியிருக்க அவற்றைத்தான் தேடுகிறது. ஆகவே கடற்கரையிலிருந்து மூட்டையாய் அள்ளுவதை நான் ஆதரிப்பதில்லை.

அப்படியானால் கிளிஞ்சலுக்கு எங்கே போவது? மும்பையில் அதற்குக் குறைவே இல்லை. மராத்தியில் திஸ்ரியா என்று சொல்லப்படும் மட்டியைக் கோலிப் பெண்கள் மீன் சந்தைகளில் குவித்து விற்கிறார்கள். கொங்கணச் சமையல் செய்யும் உணவகங்களில் திஸ்ரியா மசாலா செய்தபின் ஓடுகள் குப்பைத் தொட்டிக்குத்தான் போகின்றன. எங்கள் பகுதியில் அப்படிப்பட்ட ஒரு கடைக்காரரிடம் வாலிபர்கள் கேட்டபோது, "எடுத்துக்கொண்டு போனால் எனக்குத்தான் உபகாரம்" என்றார். சபையிலும் குமரி மாவட்டத்தார் மட்டி சமைக்கும் வீடுகள் சில உண்டு. இவ்வாறு ஒன்பது மாதத்தில் பாதைக்கு வேண்டியது சேர்ந்தது.

எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். நாற்பது அடி நீளம், மூன்று அடி அகலம், இரண்டு அங்குலக் கனம் என்றால் இருபது கன அடி. சாக்கு ஒன்றுக்கு இரண்டு கன அடிக்குச் சற்று அதிகமாய்ப் பிடிக்கும். மிதிபட்டு நொறுங்கி அமிழ்வதையும் கணக்கிட்டு நாங்கள் பதின்மூன்று சாக்கு சேர்த்தோம்.

சுத்தம் செய்வதில் சோம்பல் ஆகாது. சதைத் துணுக்கு ஒட்டியிருந்தால் முதலில் காகம் வரும், பிறகு பூனை, இரவில் எலி. மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும் நகரம் இது. ஆகவே ஓடுகளைக் கொதிநீரில் அலசி, வெயிலில் பரப்பிக் காயவிட வேண்டும். கடற்கரையிலிருந்து வந்தவையாயின் உப்பும் போக வேண்டும். உப்பு மண்ணில் இறங்கினால் செடியின் வேர் கருகும். அதற்கு மும்பைவாசிகளுக்குக் கர்த்தர் இலவசமாய்க் கொடுத்த வழி ஒன்று உண்டு. துளையுள்ள கூடைகளில் போட்டு ஒரு மழைக்காலம் முழுவதும் திறந்தவெளியில் வைத்துவிடுங்கள். செடிகள் இல்லாத இடத்தில் வையுங்கள். அக்டோபரில் எடுக்கும்போது உப்பும் இராது, நாற்றமும் இராது.

பாதை போடும் முறை எளிது. மண்ணை நான்கு அங்குலம் வெட்டியெடுத்து, இரு ஓரங்களிலும் செங்கல்லைக் குத்தாக நிறுத்தினோம். அடியில் உடைந்த செங்கல்லும் கருங்கல் ஜல்லியும் இரண்டு அங்குலம் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தோம். அதன்மேல் கிளிஞ்சலைக் கொட்டி மறுபடியும் இடித்தோம். நொறுங்கிய தூள் இடுக்குகளில் இறங்கி, மழையிலும் மிதியிலும் நாளடைவில் இறுகிவிடுகிறது. தண்ணீர் தேங்காமல் கீழே வடிந்துவிடும். ஓரக் கட்டு மிக முக்கியம். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நம்மில் யார் மறக்கக்கூடும்? அடைபட்ட சாக்கடைகள் அன்று என்ன செய்தன என்பதைக் கண்ட நாம், நம் வாசலிலிருந்து ஒரு கூடை கிளிஞ்சல்கூடச் சாக்கடைக்குப் போகும்படி விடலாகாது.

ஆனால் நாங்கள் செய்த ஒரு பிழை: வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகத்தைப் பார்த்துப் பாதையைக் கூடத்தின் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோனோம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை ஊர்களில் சிப்பி ஓட்டுப் பாதைகள் பழங்காலம் தொட்டே உண்டு. ஆனால் அவர்கள் காலணியோடு நடக்கிறவர்கள். நாமோ செருப்பைக் கழற்றிவிட்டு ஆராதனைக்குள் பிரவேசிக்கிறவர்கள். முதல் ஞாயிறே ஒரு வயதான தாயாரின் பாதத்தில் கீறல் விழுந்தது. உடைந்த ஓட்டின் விளிம்பு முதல் சில மாதங்கள் கத்தியைப் போலிருக்கும். ஆகவே படிக்கட்டுக்கு முன்னுள்ள ஆறு அடியில் கிளிஞ்சலை அள்ளிவிட்டு, பெயர்த்து எடுக்கக்கூடிய கடப்பைக் கற்களைப் பரப்பி, செருப்பு வைக்கும் இடத்தை அதற்கு இப்பால் மாற்றினோம். சக்கர நாற்காலியில் வருகிற சகோதரருக்கு இன்றும் இந்தப் பாதை கடினமே. அவருக்காகப் பக்கத்தில் இரண்டடிப் பலகை வழி ஒன்று வைத்திருக்கிறோம்.

பாதையைப் பற்றிய வரையில் நான் திருப்தியாயிருக்கிறேன். மாலையில் மின்சாரம் நின்றாலும் வெண்மை கண்ணுக்குத் தெரிகிறது. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் ஃபாடியூத் என்ற தீவே சிப்பி ஓடுகளாலானது. பல நூற்றாண்டுகளாய் மக்கள் உண்டு போட்ட ஓடுகளின் மேல் வீடுகளும் தெருக்களும் அமைந்திருக்கின்றன. முஸ்லிம்கள் மிகுதியாயுள்ள அந்நாட்டில் இத்தீவார் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அங்குள்ள கல்லறைத் தோட்டமும் ஓடுகளால் மூடப்பட்டது. அதில் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒருங்கே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். படத்தைக் காட்டியபோது எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகுந்த ஆச்சரியம்.

ஆனால் செடிகளின் காரியம் வேறு. பாதைக்குப் போட்டு மீந்த கிளிஞ்சலை வீணாக்க மனமில்லாமல், நானே உரலில் இடித்துப் பொடியாக்கி, சுவரோரத் தொட்டிகளில் இட்லிப்பூ, கறிவேப்பிலை, செம்பருத்திச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பினேன். மூடாக்கு என்பது ஈரம் காயாமலும் களை முளைக்காமலும் மண்ணை மூடும் போர்வை. பார்வைக்கு வெகு அழகு. படம் எடுத்து உறவினருக்கும் அனுப்பினேன். இரண்டாம் மழைக்காலம் முடிந்தபோது இட்லிப்பூவின் இளந்தளிர்கள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். தண்ணீர் போதவில்லை என்றார் ஒருவர், பூச்சி என்றார் ஒருவர், கண்ணேறு என்றுகூட ஒருவர் சொல்லத் துணிந்தார், அவரைக் கடிந்துகொண்டேன்.

காரணம் என் கையிலிருந்த உலக்கைதான். கிளிஞ்சலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் கிடைப்பதே கிளிஞ்சல் சுண்ணாம்பு. நம் தாத்தா பாட்டி வெற்றிலைக்குத் தடவியதும், சென்னையின் பழைய மாளிகைச் சுவர்களைப் பளிங்குபோல் மினுங்கச் செய்ததும் அந்தச் சுண்ணாம்பே. முழு ஓடு மண்ணில் மிக மெதுவாய்க் கரையும். பொடியோ விரைவில் கரைந்து மண்ணின் புளிப்பைப் போக்கிக் காரமாக்கிவிடும். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. இட்லிப்பூ புளிப்பு மண்ணை விரும்பும் செடி. அதனால் அதுவே முதலில் வாடியது. நாங்கள் ஊற்றிய போர்வெல் நீரும் கடின நீரானதால் காரியம் இன்னும் கெட்டது.

கேரளத்தின் குட்டநாட்டைப் பாருங்கள். கடல் மட்டத்துக்குக் கீழான அந்த வயல்களில் மண் மிகவும் புளிப்பானது. அருகிலுள்ள வேம்பநாட்டு ஏரியின் கக்கா ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை அங்கே வயலுக்கு இடுகிறார்கள், நெல் விளைகிறது. அங்கே மருந்தானது என் தொட்டியில் நோயாயிற்று. மண்ணைச் சோதிக்காமல் கிளிஞ்சல் போடுவது, நோயாளியைப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பதைப் போன்றதே.

பொடியையும் மேல்மண்ணையும் இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்தேன். மக்கிய இலையெருவும் சிவப்பு மண்ணும் போட்டேன். அன்னபேதியை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மாலை வேளையில் இலையின்மேல் பத்து நாளுக்கொருமுறை மூன்றுதரம் தெளித்தேன். பழைய இலைகள் தேறவில்லை. புதுத் தளிர் பச்சையாய் வந்தது. செம்பருத்தி பிழைத்தது. கறிவேப்பிலைச் செடி ஒன்று பட்டுப்போயிற்று.

கிளிஞ்சல் ஈரத்தைக் காக்கும் என்பது மெய். ஆனால் அது மக்காது. மண்ணுக்கு ஆகாரம் கொடாது. ஏப்ரல், மே மாத வெயிலில் அதன் வெண்மை சூட்டை இலைகளின்மேல் திருப்பி அடிக்கும். கற்றாழை, கள்ளி, அடீனியம் போன்றவற்றின் தொட்டியில் முழு ஓடுகளாய்ச் சில வைப்பதில் தீங்கில்லை. மற்றவற்றுக்குச் சருகு, தென்னை நார்க்கழிவு, காய்ந்த புல் இவையே நல்ல மூடாக்கு. இதற்குச் சாட்சி வேண்டுமானால் தாராவிக்குப் பக்கத்திலேயே உண்டு. சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் மித்தி ஆற்றோரமுள்ள மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா ஒருகாலத்தில் நகரத்தின் குப்பை மேடு. மரங்கள் நட்டு வளர்த்து, 1994-இல் மக்களுக்குத் திறந்தார்கள். சுமார் 37 ஏக்கரில் இன்று காடுபோல் நிற்கிறது. அங்கே மரத்தடியில் குனிந்து பார்த்தால் சருகும் சருகு மக்கிய கருமண்ணுமே காண்பீர்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

மாடிப்படியிலும் சன்னல் கம்பியிலும் டப்பாவில் செடி வளர்க்கும் தாராவி, மாட்டுங்காச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஓட்டின் குழிந்த பக்கம் மேலே இருந்தால் மழைநீர் தங்கும். பெரிய ஓடானால் கொசு முட்டையிடும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக்கூட மாநகராட்சிப் பணியாளர் வந்து சோதிக்கிற ஊர் இது. எப்போதும் கவிழ்த்தே வையுங்கள். நத்தை வராமலிருக்கக் கிளிஞ்சல் தூள் வளையம் போடலாம் என்று சிலர் சொல்லுகிறார்கள். மழைக்காலத்தில் நம் சுவர்களில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தை, தன் ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்பைச் சுவரிலிருந்தே சுரண்டித் தின்னும் பிராணி. அதற்கு நாம் வேலி போடுகிறோமா, விருந்து வைக்கிறோமா? கையுறை அணிந்து பொறுக்கி அப்புறப்படுத்துவதே வழி.

அந்த முதற்சாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். உள்ளிருந்த சதையையெல்லாம் நீக்கி, ஒரு மழைக்காலம் கழுவப்பட்டபின், அந்தச் சகோதரியையே அழைத்துச் சோழி தவிர்த்த மற்றவற்றை வாசற்கதவுக்கு உள்ளே முதல் மூன்று அடியில் அவர் கையாலேயே பரப்பச் சொன்னோம். சோழி கண்டு கலங்கிய சகோதரியும் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடுகளைக் குழி கீழாகத் திருப்பித் திருப்பி வைத்தார். இருவரும் அன்று மதியம் வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டுமுறை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அந்த மூன்றடி தேய்ந்து குழிந்துவிட்டது. வருகிற மழைக்கு முன் இன்னும் இரண்டு சாக்கு வேண்டும். திஸ்ரியா சமைக்கிறவர்கள் ஓட்டைக் கொதிநீரில் அலசிக் காயவைத்து ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.